காரணம் இல்லாத சிலிர்ப்பு

உடம்பில் மயிர் குத்திட்டு நிற்பதற்குத் தமிழில் எத்தனை சொற்கள் என்று எண்ணிப் பாருங்கள். புல்லரிப்பு, மெய்சிலிர்ப்பு, மயிர்க்கூச்சு, புளகம், புளகாங்கிதம், ரோமாஞ்சனம். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தவை இவை. ஒவ்வொரு சொல்லோடும் ஒரு காரணம் ஒட்டிக்கொண்டே வருகிறது. புளகாங்கிதம் என்றால் மகிழ்ச்சி. மெய்சிலிர்ப்பு என்றால் பக்தி, இல்லையென்றால் வியப்பு. மயிர்க்கூச்செறிந்தது என்றால் பேய்க்கதை. ‘புல்லரிக்குதுப்பா’ என்று இப்போது கிண்டலுக்குச் சொல்கிறோம். அந்தக் கிண்டலுக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

மகிழ்ச்சி இல்லை, பயம் இல்லை, குளிரும் இல்லை. சித்திரை மாதம், மத்தியானம் ரெண்டு மணி, அடுப்படியில் நின்றுகொண்டிருக்கிறீர்கள். கையில் மயிர் எழுந்து நிற்கிறது, விரல் ஜில்லென்று இருக்கிறது, முகம் மட்டும் கொதிக்கிறது. இதற்கு நம்மிடம் சொல் இல்லை. சொல் இல்லாததால் வரும் சிக்கல் மொழியோடு முடிவதில்லை. கேட்பவர்கள் கையில் இருக்கும் பழைய சொற்களில் ஒன்றை எடுத்து நோயாளிக்கு மாட்டிவிடுவார்கள்.

மருத்துவத்தில் இதை டிஸ்ஆட்டோனோமியா என்ற பெரிய குடையின் கீழ் வைக்கிறார்கள். பள்ளிப் பாடப்புத்தகத்தில் ‘தானியங்கு நரம்பு மண்டலம்’ என்று படித்திருப்போம். இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வியர்வை, செரிமானம், தோலுக்குப் போகும் ரத்தம் என நம்மைக் கேட்காமலே நடப்பவற்றை எல்லாம் அதுதான் கவனிக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்யாமல் போவதுதான் டிஸ்ஆட்டோனோமியா. நான் சர்வர்களோடு பிழைப்பு நடத்துகிறவன். எனக்குப் புரிகிற மாதிரி சொன்னால், திரைக்குப் பின்னால் இருபத்து நாலு மணி நேரமும் ஓடும் புரோகிராம் அது. ஒழுங்காக ஓடும்வரை யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை. அது வெளியே எழுதிக் காட்டும் சில வரிகளில் ஒன்று புல்லரிப்பு.

அந்த வரியை மனிதர்கள் எப்படியெல்லாம் வாசித்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

1

என் பெரியப்பா மகளைக் கட்டிக்கொடுத்தது கான்சாபுரத்தில். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம், வத்திராயிருப்பு, கூமாபட்டிப் பக்கம். மேற்கே பார்த்தால் மலை, தென்னந்தோப்பு, வயல். படத்தில் பார்த்தால் குளுமையான ஊர் போலத் தெரியும். பங்குனி பிறந்துவிட்டால் அந்த மலையடிவார வெயில் என்ன செய்யும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

2021-ல், கொரோனா ரெண்டாவது அலையில், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. ரெண்டு வாரத்தில் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நின்றால் நெஞ்சு படபடக்கும். உட்கார்ந்தால் அடங்கும். வெயிலில் முகமும் கழுத்தும் வியர்த்து ஊற்றும், முழங்காலுக்குக் கீழே ஒரு சொட்டு இருக்காது. நினைத்தால் கையில் மயிர் குத்திட்டு நிற்கும். தெர்மாமீட்டர் வைத்தால் 98.

வீட்டில் ஆளுக்கொரு வாசிப்பு. மாமியார் ‘எதையோ பாத்துப் பயந்திருக்கா’ என்று திருநீறு போட்டார். மாமா உள்காய்ச்சல் என்றார். பொங்கல் சாட்டியிருந்த சமயம், அம்மன் கோயிலில் கொட்டுச் சத்தம் கிளம்பியபோது கூட்டத்தில் நின்றிருந்த அக்காவுக்கு மயிர் சிலிர்த்து, உடம்பு நடுங்கி, கால் துவண்டது. பெண்கள் பிடித்து முன்னால் கொண்டுபோய், மஞ்சத் தண்ணி ஊற்றி, “யாரு வந்திருக்கது?” என்று கேட்டிருக்கிறார்கள். “நாந்தான் வந்திருக்கேன். குடிக்கத் தண்ணி குடுங்க” என்றிருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிடும்.

நாலாவது வாசிப்பு ஒரு டாக்டருடையது. படுக்க வைத்துப் பிரஷர் பார்த்தார். ரத்தம் எடுத்தார். எல்லாம் நார்மல். ‘டென்ஷன்மா, வேலையைக் குறைச்சுக்கோங்க’ என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

“தம்பி, சாமின்னு சொன்னவுகளாவது எங் காலைத் தொட்டுக் கும்பிட்டாக. இவரு என்னைய ஏறிட்டுக்கூடப் பாக்கல” என்றாள் அக்கா.

இந்த நாலு வாசிப்பில் மூன்று நம் ஊர்ப் பழமை என்றும் நாலாவது விஞ்ஞானம் என்றும் பிரிக்கத் தோன்றும். வரலாற்றைப் பார்த்தால் அப்படிப் பிரிக்க முடியவில்லை. ‘டென்ஷன்’ என்பதும் புல்லரிப்பை உணர்ச்சியாக வாசிக்கும் அதே பழைய வழக்கம்தான்.

2

அந்த வழக்கத்துக்கு நம்மிடம் மிக நீண்ட மரபு இருக்கிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஓர் இயல். மெய்யில் படுவது மெய்ப்பாடு, அதாவது உள்ளே நடப்பது உடம்பில் தெரிவது. வடமொழி நாட்டிய சாஸ்திரம் இதை இன்னும் நுணுக்கமாகப் பட்டியல் போட்டது. சாத்துவிக பாவம் என்று எட்டு: உறைந்து நிற்றல், வியர்த்தல், மயிர் சிலிர்த்தல், குரல் உடைதல், நடுங்குதல், நிறம் மாறுதல், கண்ணீர், மயங்கி விழுதல்.

இந்தப் பட்டியலை ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கொடுத்துப் பாருங்கள். வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால் தசை, தோல் ரத்தக்குழாய், கண்ணீர்ச் சுரப்பி, ரத்த அழுத்தம் என்று பாதிக்கு மேல் தானியங்கு நரம்பின் கணக்கில் வந்துவிடும். பார்த்ததில் குறையே இல்லை. கைகாலை அசைத்து நடிப்பது ஒன்று, வியர்வையும் சிலிர்ப்பும் வேறு வகை என்று பிரித்ததும் சரி. ஆனால் எட்டுக்கும் ஊற்று மனம்தான் என்று அந்த மரபு வைத்தது. மேடைக்கு அது போதும். பின்னால் வந்த பக்தி மரபில் சிலிர்ப்பு அருளின் சாட்சியாகவே ஆகிவிட்டது. ஆண்டாள் பிறந்த ஊர்ப்பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மயிர் சிலிர்த்தால் அதைச் சாமி என்று ஊர் நினைப்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

உடம்புச் சூட்டின் கதை வேறு. ‘உடம்பு சூடு’ என்று நாம் சொல்வது காய்ச்சலை அல்ல. கண் எரியும், நீர்க்கடுப்பு வரும், தூக்கம் கெடும். அதற்கு எண்ணெய்க் குளியல், இளநீர், வெந்தயம். தெர்மாமீட்டரில் ஏறாத சூடு ஒன்று இருக்கிறது என்பதை நம் பாட்டிமார்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன காரணங்கள் எல்லாம் சரியென்று நான் வாதாடவில்லை. ஆனால் ‘உள்ளே கொதிக்குது’ என்று ஒருத்தி சொன்னால் அதை வைக்க அவர்களிடம் ஓர் இடம் இருந்தது.

அந்த இடத்தை எடுத்துக்கொண்டது ஓர் எண். ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் கார்ல் வுண்டர்லிக் என்ற மருத்துவர் சுமார் 25,000 நோயாளிகளின் உடல் வெப்பத்தைக் குறித்துவைத்து 1868-ல் புத்தகம் போட்டார். 37 டிகிரி செல்சியஸ், அதாவது 98.6 ஃபாரன்ஹீட், அங்கிருந்துதான் நம் வீட்டு அலமாரிக்கு வந்தது. அதே காலத்தில் இங்கிலாந்தில் கிளிஃபோர்ட் ஆல்பட், சட்டைப்பையில் அடங்கும் சின்னத் தெர்மாமீட்டரைச் செய்தார். காய்ச்சல் என்பது நோயாளி சொல்வது என்ற நிலை மாறி, மருத்துவர் அளப்பது என்று ஆனது. எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மாற்றம் இது. ஆனால் அந்தக் கருவி காட்டுவது ஒரே ஓர் இடத்தின் வெப்பத்தை. அந்த 98-ஐத் தக்கவைக்க உடம்பு எவ்வளவு போராடுகிறது, கையைக் குளிரவிட்டு முகத்தைக் கொதிக்கவிட்டு எப்படிச் சமாளிக்கிறது என்பதை அது சொல்லாது.

3

அந்தப் போராட்டம் முதலில் கண்ணுக்குப் பட்டது ஒரு வினோதமான சோதனையில். 1774-ல் லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்ற மருத்துவர், நண்பர்களோடு, சூடேற்றிய அறைகளுக்குள் போய் நின்றார். 260 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் போனார்கள். தண்ணீர் கொதிப்பதற்கு 212 போதும். அறையில் வைத்த முட்டையும் மாட்டிறைச்சியும் வெந்தன. உள்ளே நின்ற மனிதர்களின் உடல் வெப்பமோ கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. மண்பானைத் தண்ணீர் குளிர்வது போல, வியர்வை ஆவியாகி உடம்பைக் காப்பாற்றுகிறது.

வியர்வையையும் தோல் ரத்தத்தையும் இயக்குவது யார் என்ற கேள்விக்குத் துப்பு கிடைக்க இன்னும் முக்கால் நூற்றாண்டு ஆனது. 1851-ல் பாரிஸில் கிளாட் பெர்னார், முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கக் காது குளிர்ந்துபோகும் என்று எதிர்பார்த்தார். நடந்தது நேர்மாறு. காது சிவந்து சூடேறியது. ரத்தக்குழாயை இறுக்கிப் பிடித்திருந்த நரம்பு போனதும் குழாய் விரிந்து ரத்தம் பாய்ந்துவிட்டது. தோலின் வெப்பம் நரம்பின் கையில் இருக்கிறது என்று அந்தக் காது காட்டிக்கொடுத்தது.

புல்லரிப்புக்கு வந்தவர் கேம்பிரிட்ஜின் ஜான் நியூபோர்ட் லாங்லி. பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய செரிங்டனோடு சேர்ந்து, 1891-ல், மயிரை எழுப்பும் நரம்புகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பூனை சிலிர்த்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். லாங்லி அந்தச் சிலிர்ப்பை நரம்பு நரம்பாகப் பிரித்தார். முதுகெலும்பை ஒட்டி ஓடும் பரிவு நரம்பில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தூண்டினால், முதுகில் ஒரு குறிப்பிட்ட பட்டையில் மட்டும் மயிர் எழும். அடுத்த இடத்தைத் தூண்டினால் அடுத்த பட்டை. பூனைக்குக் கோபமும் இல்லை, பயமும் இல்லை, குளிரும் இல்லை. உணர்ச்சி எதுவும் இல்லாமல், நரம்பைத் தொட்டதற்காக மட்டும் மயிர் எழுந்தது.

காரணம் இல்லாத சிலிர்ப்பு என்பது அன்றைக்கே மேசை மேல் நிரூபணமாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1898-ல் லாங்லி இந்த மண்டலத்துக்கு ‘ஆட்டோனோமிக்’ என்று பெயர் வைத்தார். நேராகத் தமிழில் சொன்னால் தன்னாட்சி. அது முழுச் சுதந்திரத்தைக் குறிப்பது போல ஒலிக்கிறது, உண்மையில் அவ்வளவு சுதந்திரம் இதற்குக் கிடையாது என்று அவரே பிற்பாடு எழுதினார். கான்சாபுரம் என்ற பெயரைக் கேட்டாலே எனக்கு இது நினைவுக்கு வரும். ஊர்ப்பெயரில் இருப்பவர் கான் சாகிப், அதாவது மருதநாயகம் என்கிற யூசுப் கான் என்பார்கள். கம்பெனியின் தளபதியாக மதுரைச் சீமையை நிர்வகித்தவர். எஜமானர்களை மீறித் தன்னாட்சி அறிவித்ததற்காக 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டார். தன்னாட்சி என்பது எப்போதும் ஓர் எல்லைவரைதான். நரம்பிலும் அப்படித்தான், மூளைக்கும் முதுகுத்தண்டுக்கும் கட்டுப்பட்டே அது ஆள்கிறது.

4

ஆய்வகத்தில் நிரூபணமானது நோயாளியின் கட்டில்வரை வந்து சேரவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போர்க்காலத்தில் ஜேக்கப் டா காஸ்டா என்ற மருத்துவர் விநோதமான சிப்பாய்களைப் பார்த்தார். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து தேறியவர்கள் பலர். படபடப்பு, மூச்சு வாங்கல், தலைசுற்றல். இதயத்தில் நோய் எதுவும் தெரியவில்லை. 300 பேரைப் பற்றி 1871-ல் எழுதினார். முதல் உலகப் போரில் இதே தொல்லை பிரிட்டிஷ் படையில் பெருகி, ‘சிப்பாயின் இதயம்’ என்று பெயர் வாங்கியது. இவர்கள் நோயாளிகளா, கோழைகளா, ஏமாற்றுக்காரர்களா என்ற சந்தேகம் அவர்களைக் கடைசிவரை விடவில்லை.

1925-ல் பிராட்பரி, எகிள்ஸ்டன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் மூன்றே மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். எழுந்து நின்றால் இவர்களுக்கு ரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். கூடவே, வியர்வை குறைவு, கோடை வந்தால் அவதி அதிகம். மயக்கத்தையும் வெயில் தாளாமையையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்த ஆரம்பகாலப் பதிவுகளில் இது முக்கியமானது. நோயாளியை நிற்கவைத்துப் பார்த்ததுதான் அவர்களுக்குக் கை கொடுத்தது. படுத்திருக்கும் உடம்பில் இந்த நோய் ஒளிந்துகொள்ளும்.

5

இதையெல்லாம் வெள்ளைக்காரர் ஊர்க் கதையாக நினைக்க வேண்டியதில்லை. வியர்க்காத தோலை நுணுக்கமாக வாசிக்கக் கற்றுக்கொண்ட மருத்துவம் நம் செங்கல்பட்டிலும் வேலூரிலும் நடந்திருக்கிறது. நோய் மட்டும் வேறு. தொழுநோய்.

தொழுநோய்க் கிருமி நரம்பைத் தின்னும். உடம்பின் குளிர்ந்த இடங்களைத்தான் அது விரும்பும். காது மடல், மூக்கு, விரல்கள், தோலை ஒட்டி ஓடும் நரம்புகள். தேமல் விழுந்த இடத்தில் உணர்ச்சி போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதே இடத்தில் வியர்வையும் நிற்கும், மயிரும் உதிரும். தொடு உணர்ச்சியைச் சோதிக்க நோயாளி பதில் சொல்ல வேண்டும். வியர்வையைச் சோதிக்க அது தேவையில்லை. 1928-ல் விக்டர் மைனர் என்பவர் அறிமுகப்படுத்திய முறையில், தோலில் அயோடின் தடவி, காய்ந்ததும் மாவுச்சத்துப் பொடி தூவி, வியர்க்கவைப்பார்கள். வியர்த்த இடம் கறுக்கும். வியர்க்காத இடம் வெளிறிக் கிடக்கும். இந்த வகைச் சோதனைகள் தொழுநோயிலும் பயன்பட்டன. செத்த நரம்பின் வரைபடம் தோல்மேலேயே வந்துவிடும்.

கொல்லிமலையில் வளர்ந்த பால் பிராண்ட், 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் கிருமியால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அவர்கள் அறியாமலே காயப்பட்டுத் தேய்கின்றன என்று காட்டியவர் அவர். வியர்வை நின்ற தோல் காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் புண் வரும். அதற்கு மருந்து மிக எளிது. தினமும் காலைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணெய் தடவ வேண்டும். 1955-ல் தொடங்கிய காரிகிரி தொழுநோய் ஆய்வு மையம் உட்பட இந்த வட்டாரம் முழுக்க இந்தப் பாடம் நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டது. சாபம், பாவம் என்று ஆயிரம் ஆண்டுகளாக வாசிக்கப்பட்ட உடம்பை, ‘இங்கே இந்த நரம்பு வேலை செய்யவில்லை’ என்று வாசித்தபோது, அதற்குச் செய்ய வேண்டியது என்ன என்பதும் தெரிந்துவிட்டது. அதைத்தான் அக்காவுக்கும் நான் கேட்பேன்.

6

‘மனசைக் கட்டுப்படுத்து, சரியாகிடும்’ என்று சொல்பவர்களுக்காக இன்னொரு கதை. 1935-ல் தெரேஸ் பிராஸ் என்ற பிரெஞ்சு மருத்துவர், யோகிகளால் இதயத்தை நிறுத்த முடியுமா என்று பதிவு செய்ய இந்தியா வந்தார். அவர் பதிவு செய்தவர்களில் மைசூரில் இருந்த, பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த, டி. கிருஷ்ணமாச்சாரியாரும் ஒருவர். 1957-ல் வெங்கர், பக்ஷி என்ற இரு ஆய்வாளர்கள் மேம்பட்ட கருவிகளோடு ஊர் ஊராகப் போனார்கள். மூச்சை அடக்கி, மார்புத் தசையை இறுக்கினால் இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் குறைகிறது, நாடியும் இதய ஒலியும் மங்கி மறைகின்றன, ஆனால் இசிஜியில் இதயம் துடித்துக்கொண்டேதான் இருக்கிறது என்று 1961-ல் எழுதினார்கள். இமயக் குகைகளில் குளிர்காலத்தைக் கழித்த ஒரு யோகி மட்டும், நினைத்தபோது நெற்றியில் வியர்வை வரவழைத்துக் காட்டினார். எப்படி என்று கேட்டதற்கு, கடும் வெப்பத்தைக் கற்பனை செய்து பழகியதாகச் சொன்னார்.

வருஷக்கணக்கில் பழகிய ஒருவர், ஆரோக்கியமான நரம்பை வைத்துக்கொண்டு, சுற்றுவழியில் சாதித்தது ஒரு நெற்றி வியர்வை. கம்பியே அறுந்த இடத்தில் மனசு என்ன செய்யும்?

7

அக்காவுக்குக் கடைசியில் பெயர் சொன்னவர் மதுரையில் ஒரு மருத்துவர். படுக்கவைத்து நாடி பார்த்தார். எழுந்து நிற்கச் சொல்லிப் பத்து நிமிஷம் பார்த்தார். பிரஷர் சரியவில்லை, துடிப்பு மட்டும் நாற்பதுக்கு மேல் ஏறியது. பாட்ஸ் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். 1993-ல் ஷோண்டார்ஃப், லோ என்ற இருவர் அதை வரையறுத்தார்கள். நின்ற பத்து நிமிஷத்துக்குள் துடிப்பு முப்பதாவது கூட வேண்டும், ரத்த அழுத்தம் சரியக் கூடாது, இந்தத் தொல்லை மாதக்கணக்கில் இருக்க வேண்டும். வைரஸ் காய்ச்சலுக்குப் பின் வருவது சகஜம். கொரோனாவுக்குப் பிறகு உலகம் முழுக்க இதைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது.

அவர் சொன்ன விளக்கம் எனக்கு உடனே பிடிபட்டது. நாம் எழுந்து நின்றால் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கும். கால் ரத்தக்குழாய்கள் உடனே இறுகி அதை மேலே தள்ள வேண்டும். அங்கே போகும் நுண்ணிய நரம்பு பழுதானால் குழாய் இறுகாது. மூளைக்குத் தகவல் குறைவாகப் போகும், அது இன்னும் உரக்கக் கட்டளை போடும், நார்அட்ரினலின் ஊறும். காலில் அது எடுபடாது. நல்ல நிலையில் இருக்கும் மற்ற இடங்களிலெல்லாம் எடுபடும். இதயம் ஓடும், கைத்தோல் குளிரும், மயிர்க்கால் தசை சுருங்கும். வெயிலில் இன்னும் மோசம், ஏனென்றால் வெப்பத்தை வெளியேற்றத் தோல் குழாய்கள் விரிய வேண்டும், விரிந்தால் ரத்தம் இன்னும் கீழே இறங்கும். கால் நரம்பு போனதால் அங்கே வியர்க்காது, அந்த வேலையையும் முகமும் கழுத்தும் சேர்த்துச் செய்யும். எல்லோருக்கும் இதே வழியில்தான் வருகிறது என்றில்லை. அக்காவின் உடம்பு சொன்ன நாலு செய்திகளுக்கு ஒரே விளக்கம் பொருந்தியது.

இப்போது அவள் தண்ணீரும் உப்பும் மருத்துவர் சொன்ன அளவில் எடுக்கிறாள், இறுக்கமான காலுறை போடுகிறாள், சமையலைப் பாதிக்குமேல் ஸ்டூலில் உட்கார்ந்தே செய்கிறாள். முழுசாகக் குணமாகவில்லை. சித்திரையில் இன்னும் மத்தியானம் வெளியே வருவதில்லை. ‘உடம்புக்கு ஒண்ணும் இல்ல, சும்மா நடிக்கிறா’ என்ற பேச்சு மட்டும் வீட்டில் நின்றிருக்கிறது.

ஆரம்பச் சுகாதார நிலையத்தில் ஒரு கட்டில் இருக்கிறது, ஒரு சுவர் இருக்கிறது, சுவரில் ஒரு கடிகாரமும் இருக்கிறது. முதல் கட்டச் சந்தேகத்தைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேறு எதுவும் வேண்டாம். படுத்திருக்கும்போது ஒருமுறை, சாய்ந்து நிற்கவைத்துப் பத்து நிமிஷத்துக்குப் பலமுறை நாடியையும் பிரஷரையும் எண்ணிக் குறித்தால் போதும். அடுத்த தடவை யாராவது உங்களிடம் ‘காரணமே இல்லாம புல்லரிக்குது, வெயில் தாங்கல, நின்னா படபடங்குது’ என்று சொன்னால், உங்கள் கையில் இருக்கும் காரணத்தை அவர்களுக்கு மாட்டாதீர்கள். நிற்கும்போது எப்படி இருக்கிறது, உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். சொல்லும் பதிலைத் தாளில் எழுதி, டாக்டரிடம் போகும்போது கையில் கொடுத்தனுப்புங்கள்.